விடுமுறையில் என் மேசைக்கு வந்தவர்

மல்கிரேவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் மேலாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைமுடி, மெல்லிய குரல். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். அவரே எழுந்து நம் மேசைக்கு வந்துவிடுவார்.

அங்கே பள்ளிகளுக்கு ஜனவரியில்தான் கோடை விடுமுறை. அந்த ஜனவரியில், விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. கணவருக்கும் லீவு தீர்ந்துவிட்டது. ஏழு வயது மகளை அலுவலகச் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அவர் வந்தார்.

"சாப்பாட்டு அறையில இருக்கிறது உம்மட பிள்ளையோ?"

"ஆமாக்கா, மன்னிச்சிருங்க. நாளைலேருந்து சம்பளமில்லாத லீவு போட்டுடறேன்."

"லீவு வேண்டாம். பள்ளிக்கூடம் துவங்குமட்டும் வீட்டில இருந்து செய்யும். நேரம் பாக்கமாட்டன், வேலை முடிஞ்சால் சரி. ஏன் முதலே கேக்கேல்லை?"

"கேட்டா, இவ வேலைக்குச் சரிப்பட மாட்டான்னு நினைப்பீங்களோன்னு..."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நானும் முந்தி ஒருக்கா அப்பிடி நினைச்சுத்தான் கேக்காமல் விட்டனான். என்ர மகள் அந்த லீவு முழுக்க வீட்டில தனிய இருந்தவ."

அடுத்த வாரமே, பிள்ளைகள் உள்ள எல்லோருக்கும் அதே ஏற்பாடு என்று மின்னஞ்சல் அனுப்பினார்.

அவருடைய அந்த மகள் இப்போது வளர்ந்திருப்பாள். தன்னை நினைத்துத்தான் அம்மா எங்களுக்கு இப்படிச் செய்தார் என்பது அவளுக்குத் தெரியுமா என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நினைத்துக்கொள்கிறேன்.