இடுப்பில் நிற்காத குடம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். லாரித் தண்ணீருக்காகத் தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்ற காலம். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. என்னோடு சேர்த்து ஐந்து பேர். ஏசி அறை. கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று பலகை.

ஒரு சாக்கில் எத்தனை அடங்கும் என்று பார்க்க, புதுக் குடத்தின் மாதிரியை ஒரு நாள் பேக்கிங் பகுதிக்கு எடுத்துப் போனேன். கவரைப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா அதை வாங்கி இடுப்பில் வைத்துப் பார்த்தார். அது நிற்காமல் வழுக்கியது.

"மேடம், இத வரைஞ்சவங்க யார்னா தண்ணி தூக்கிக்கினு நடந்து பாத்தாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரில் அந்தக் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தோம். ஒருவர்கூடத் தூக்கியதில்லை.

மறுநாள் என் ஆட்களைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு குடம் நிரப்பி, கேட் வரை நடந்து திரும்ப வேண்டும். பாதி வழியிலேயே சட்டைகள் நனைந்தன. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் குடத்தில் விழும் ஒட்டுக்கோடு இடுப்பை அறுத்தது. அக்கா கூடவே நடந்து, எங்கே வழுக்குகிறது என்று காட்டினார். மாடியிலிருந்து மேனேஜர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, சர்க்கஸா? டிசைன் ஆளுங்களுக்கும் பேக்கிங் லேபருக்கும் என்ன பேச்சு?"

"குடத்தைப் பத்திதான் சார்."

சாயங்காலமே மெமோ வந்தது. வேலை நேரத்தில் ஒழுங்கீனமாம், மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். 'நடந்தது வேலைதான். மறுபடியும் நடக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்து கதவிலிருந்த பலகையைக் கழற்றினேன்.

நான் கூப்பிட்டதால், வியாழன்தோறும் டீ நேரத்தில் அக்கா எங்கள் அறைக்கு வரத் தொடங்கினார். முதல் இரண்டு வாரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் கீது" என்றார். மூன்றாம் வாரம்தான் வாய் திறந்தார். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. என் டீமில் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"அப்ப நான் இன்ஜினியரிங் படிச்சது எதுக்கு மேடம்?"

"அவங்க சொல்றத வரையறதுக்கு. அவங்களுக்கு வரையத் தெரியாது, உங்களுக்குத் தூக்கத் தெரியாது."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், மூன்றாம் நாள் இடுப்பு படும் இடத்தில் ஒரு பள்ளம் வைத்து, ஒட்டுக்கோட்டை அதிலிருந்து விலக்கி வரைந்து வந்தார். முதல் மாதிரி அந்தப் பள்ளத்திலேயே விரிசல் விட்டது.

"யார் வரைஞ்சது?" என்று மேனேஜர் கத்தினார். வரைந்தவர் என் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

"கையெழுத்து என்னோடது சார். என்னைக் கேளுங்க."

உடைந்த குடத்தைக் குப்பையில் போட விடவில்லை. என் மேஜை மேலேயே வைத்தேன். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. நாலாவது உடையவில்லை.

முதலாளி பார்க்க வந்தபோது, "நம்ம டிசைன் டீம் யோசனை சார்" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், பேக்கிங்ல இருக்கிற அக்கா சொன்னது" என்று குறுக்கே விழுந்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிட வைத்தேன். அக்கா நிறைகுடத்தோடு அந்த ஹால் முழுக்க நடந்து காட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. "அந்த மெமோவுக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதும்மா, ஃபைலை மூடிடலாம்" என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார்."

அந்த வியாழன் அக்கா, பேக்கிங்கிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.