கரண்ட் போன நேரங்கள்

அது நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி. அட்டையில் மஞ்சள் கறை, உள்ளே கராம்பு வாசனை. ஒவ்வொரு வரியிலும் ஒரு திகதியும் இரண்டு நேரங்களும் இருக்கும்: கரண்ட் போனது, கரண்ட் வந்தது. ஒரு பொருளுக்கு எவ்வளவு செலவு என்று பார்க்கும் கிரயக் கணக்கீட்டில் நல்ல புள்ளி எடுத்துப் பாஸான என்னை ஒரே பகலில் கவிழ்த்தது இந்தக் கொப்பிதான். அதை நான் இன்றும் பெருமையாகவே சொல்லித் திரிகிறேன்.

மாத்தளை நகருக்கு வெளியே ஒரு வாசனைப் பொருள் தொழிற்சாலையில் கணக்காளராக இருந்தேன். முன்கட்டடத்தில் மிளகாயும் மஞ்சளும் அரைக்கும் ஆலை. பின்கட்டடத்தில் பதினொரு பெண்கள் கராம்பையும் சாதிக்காயையும் கையால் தரம்பிரிப்பார்கள். அவர்களுக்கு மேற்பார்வை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர், என்னைவிட இரண்டே வயது மூத்தவர். பின்கட்டடத்தில் கரண்டில் ஓடியது ஒரு பல்பும் ஒரு காற்றாடியும்தான்.

மின்சாரம், பழுதுபார்ப்பு, வாடகை என்று இந்தப் பொருளுக்குத்தான் என நேரே கைகாட்ட முடியாத செலவுகளை மேந்தலைச் செலவு என்போம். அதை ஆட்கள் உழைத்த மணித்தியாலங்களை வைத்துப் பிரித்தேன். படித்த முறை, சுலபமும் கூட. ஆலையில் நான்கே பேர் என்பதால் பெரும்பங்கு பின்கட்டடத்துக்குப் போனது. மின்வெட்டு மாதங்களில் திட்டமிட்ட செலவுக்கும் உண்மையான செலவுக்கும் இடையே வந்த முரணையும் அதே கணக்கில் பிரித்து ஏற்றினேன். மூன்று மாதம் தொடர்ந்து தரம்பிரிப்பில் நட்டம். அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு முதலாளி ஹாஜியாரிடம் கொடுத்தவளும் நான்தான். அவர் மாத முடிவோடு பின்கட்டடத்தை மூடிவிட்டு, கராம்பை அப்படியே மூட்டையாக விற்றுவிடலாம் என்றார்.

மறுநாள் காலையில் அக்கா கொப்பியோடு என் மேசைக்கு வந்தார். அழவில்லை, கெஞ்சவுமில்லை.

"மிஸ், கரண்ட் போனா மில்லு நின்னுரும். நாங்க பாய இழுத்து வாசல் வெளிச்சத்துல போட்டு வேல செய்வோம். சும்மா இருந்தோம்னு சம்பளத்துல வெட்டிறக் கூடாதுன்னு நேரத்த எழுதி வச்சிருக்கேன். இந்த நேரத்துல நாங்க எந்தக் கரண்ட எரிச்சோம்?"

கொப்பியை என் பதிவுகளோடு வைத்துப் பார்த்தேன். ஆலை நின்ற நேரத்தில் ஆலை ஆட்களின் மணித்தியாலங்கள் எழுதப்படவில்லை, பெண்களுடையவை எழுதப்பட்டன. கரண்ட் இல்லாமல் எவ்வளவுக்கு உழைத்தார்களோ அவ்வளவுக்கு மின்கட்டணத்தை அவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

அன்று பகல் சோற்றைத் தொடவில்லை. மின்சாரத்தையும் பழுதுபார்ப்பையும் இயந்திரம் ஓடிய மணித்தியாலங்களுக்கு ஏற்றினேன். வாடகையை அவரவர் பிடித்திருந்த இடத்தின் அளவுக்கு. தம்புள்ளை வரை ஹாஜியார் பெருமையடித்துக்கொண்ட மிளகாய்த்தூள் நட்டத்தில் கிடந்தது. நல்ல இலாபம் தந்தது கராம்பு. சரிதானா என்று மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு ஹாஜியாரின் அறைக்குப் போனேன்.

பிழை என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஹாஜியார் இலேசில் நம்புகிறவரல்ல. ஆலைப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, இயந்திரம் நின்ற நேரங்களைக் கொப்பியோடு வரிவரியாக ஒப்பிட்டார். ஒரு வரிகூடப் பிசகவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் மிளகாய்க்குச் சோறு போட்டது நீங்கதானா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மூடுற பேச்ச விடுங்க மகள். மிளகாய்த்தூள் விலையப் பார்ப்போம்," என்றார்.

அக்கா வெளியே போனார். சற்று நேரத்தில் பின்கட்டடத்தில் எழுந்த கூச்சல் ஆலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைதட்டினேன். சொந்தப் பிழை பிடிபட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் கொப்பி என் மேசை லாச்சியிலேயே தங்கிவிட்டது. அக்கா இப்போது பல்லேபொலையில் சொந்தமாகத் தரம்பிரிப்பு இடம் வைத்திருக்கிறார்; எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள், சிறிய அரைவை இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. போன வாரம் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த இயந்திரத்துக்கென்று சுவரில் தனி மீட்டர். அதைப் பார்த்து நான் சிரித்தேன். "பின்ன? நீங்க மறுபடியும் எங்க தலையில போட்டுட்டா?" என்றார் அக்கா.

பேசிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றது, காற்றாடி நின்றது. அக்கா கைப்பேசியில் நேரம் பார்த்து, கொப்பியில் பழைய கடைசி வரிக்குக் கீழே குறித்தார். அதற்குள் பெண்கள் பாய்களை வாசலுக்கு இழுத்துவிட்டார்கள்.