நடுவில் உட்காருகிறவள்

அம்மாவின் முன்கைகளில் ஒரு முடிகூடக் கிடையாது. பேக்கரி அடுப்புக்குள் கைவிட்டு ட்ரேக்களை இழுத்து இழுத்து எல்லாம் பொசுங்கிப் போயின. அப்பா போன பிறகு அந்த அடுப்புதான் எங்களுக்குச் சோறு போட்டது. மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் வீட்டிலேயே மாவு பிசைவாள். சபையின் திருவிருந்துக்கான ரொட்டி அது.

எங்கள் சபையில் யாரும் தானாக எடுத்துச் சாப்பிட முடியாது. ஒரே ரொட்டி கைமாறி வரும். பக்கத்தில் இருப்பவர் பிட்டு, "இது உனக்கு" என்று சொல்லிக் கொடுப்பார். சாப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்கு நாம் பிட்டுக் கொடுக்க வேண்டும். "உங்கம்மா ரொட்டி வரும்னா எவ்வளவு நீளப் பிரசங்கத்தையும் தாங்கலாம்" என்று போதகரின் மனைவியே சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவின் பக்கத்து இடம் கண்ணாடி அத்தையுடையது. தடித்த கண்ணாடி போட்ட தையல்காரி; பள்ளிக்கூடத்திலிருந்தே அம்மாவுக்குச் சிநேகிதி. கல்யாணமான வருஷமே நான் புருஷனை விட்டு வந்துவிட்டேன். சும்மா தங்க வந்திருப்பதாக ஊருக்குச் சொல்லி வைத்தோம். யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவைக் கெஞ்சியிருந்தேன். அம்மா அத்தையிடம் மட்டும் சொல்லி அழுதாள். "என் வாயைத் தாண்டாதுடி" என்றாளாம் அத்தை.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, உருகி உருகி, சத்தமாக ஜெபித்தாள். "ஆண்டவரே, புருஷனோட அடி தாங்காம ஓடி வந்துட்ட நம்ம பேக்கரி அக்கா மகளை நினைச்சருளும்..." ஆமென் சொல்வதற்குள் எல்லாத் தலையும் பின்பெஞ்சில் இருந்த என் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த வாரமே கிளம்பினேன். கப்பல் சமையலறை, ஹோட்டல் சலவை என்று வருஷக்கணக்கில் திரிந்தேன். அம்மா அத்தையோடு பேச்சை நிறுத்தினாள். மாவு எடை போடுகிற கவனத்தோடு, இருவருக்கும் நடுவே எப்போதும் ஆட்கள் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கதவைத் திறந்தவள் என் பையைப் பார்த்தாள். ஏன் என்றோ எத்தனை நாளைக்கு என்றோ கேட்கவில்லை. "கையெல்லாம் மாவு. உள்ள வா" என்றாள்.

"அத்தையோட பேசுறியாம்மா?"

மாவை ஓங்கி அறைந்தாள். "அவ மூஞ்சியில முழிக்கிறதே பெருசு. போன வாரம் பிரசங்கம், ஆண்டவர் தகுதி பாக்காம எல்லாரையும் நேசிக்கிறார்னு. முன்னாடி உக்காந்து அவ மூக்கைச் சிந்துறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்து நேரா கேட்டுட்டேன்."

"யார்கிட்ட, போதகர்கிட்டயா?"

"ஆண்டவர்கிட்டடி. நீங்களும் அவ பக்கம் சேந்துட்டீங்களான்னு."

"என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார்? உன்னை அனுப்பிட்டார். இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவர்கிட்ட சண்டை போடுறது?"

மறுநாள் ரொட்டி வேகத் தாமதமாகிவிட்டது. நாங்கள் போனபோது கண்ணாடி அத்தைக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம். அம்மா நின்று நின்று பார்த்துவிட்டு அவளருகே உட்கார்ந்தாள். நான் ஓரத்தில். ரொட்டி என் பக்கமிருந்து வந்தது. பிட்டு, "இது உனக்கும்மா" என்றேன். சாப்பிட்டாள்.

பிறகு ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அந்தப் பக்கம் அத்தையின் கை நீண்டிருந்தது. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். அம்மா பிட்டாள். பேக்கரிக் கை, சின்னதாகப் பிட்டுப் பழக்கமில்லை. பெரிய துண்டாக வந்தது. அதை அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். "இது உனக்கு" என்று மட்டும் சொல்லவில்லை.

"மன்னிச்சிட்டியாடி?" என்றாள் அத்தை.

"பேசாம தின்னு."

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "என் மானத்தைக் கப்பலேத்தினவ அவ. நீயும் அவ பக்கம் சேந்துட்டியா?"

அம்மா தெருவில் நின்றாள். "சேரல. இன்னும் நெஞ்சு ஆறல. வீட்டுக்கு வந்தா உள்ள விடுவேனான்னே தெரியல."

"அப்புறம் ஏன் குடுத்த?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீ கெஞ்சுன. முதல்ல வெளிய விட்டது யாரு? நான். எனக்கு நீ பிட்டுக் குடுத்த. 'இது உனக்கு'ன்னும் சொன்ன."

அதையெல்லாம் யோசித்து நான் கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் அம்மா சாவியைத் தேடினாள்.

"அடுத்த மாசம் எனக்கும் அவளுக்கும் நடுவுல நீ உக்காரு."

"மாட்டேன்."

"சரி, உக்காராட்டி போ" என்று கதவைத் திறந்தாள். "சாப்பிட வா."