மூன்றாவது பரிந்துரைக் கடிதம்

நான் ஆவணப்படத் தொகுப்பாளர். லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கிறேன். அபாரத் திறமையாளருக்கான விசாவுக்குத் துறைசார்ந்த மூன்று பெரியவர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். வேலை நெருக்கடியில் அந்தப் பொறுப்பை ஒரு முகவரிடம் விட்டது என் தவறு.

கடிதங்கள் வந்தன. மூன்றாவது, நான் முன்பு படம் தொகுத்துக் கொடுத்த கொழும்பு இயக்குநருடையது. போன வாரத் தேதி. "என் அடுத்த படத்துக்கும் இவரையே அழைப்பேன்" என்ற வரிக்குக் கீழே அவருடைய அதே சாய்ந்த கையெழுத்து.

நன்றி சொல்ல அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் மோசம்போய் ஆறு மாசம், பிள்ளை."

இறந்தவரின் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பிறகு முகவரிடம் கேட்டேன்.

"சைன் சரியாத்தானே இருக்கு?" என்றார் அமைதியாக.

விண்ணப்பம் போகுமுன் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிட்டேன். இப்போதெல்லாம் பரிந்துரைப்பவரின் குரலைக் கேட்காமல் எந்தக் கடிதத்தையும் நான் தொடுவதில்லை.