பாரசூட்டில் அத்தா அறுத்த சிவப்பு நூல்: திருச்சி விமானத்தளத்தில் ஒரு ஞாயிறு

விமானப்படைப் பயிற்சி முகாமைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்க முடியுமா, போனால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் போயிருக்கிறேன் தம்பி. ஆனால் அது அறுபதுகளின் ஆரம்பம், எனக்குப் பத்தொன்பது வயது. இன்றைய நிலவரம் எனக்குத் தெரியாது. அன்றைய கதை தெரியும், கேட்டுவிட்டீர்கள், சொல்லாமல் விடமாட்டேன்.

என் அண்ணன் ஜமால் அப்போது விமானப்படையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய பயிற்சிப் பிரிவு ஒரு மாத முகாமுக்காகத் திருச்சி விமானத்தளத்துக்கு வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று அனுமதிச் சீட்டு அனுப்பினான்.

எங்கள் அத்தாவுக்குக் காந்தி மார்க்கெட் பக்கத்தில் தையல் கடை. அண்ணன் சேர்ந்த நாளிலிருந்து "எம் பையன் பிளேன் ஓட்டுறான்" என்று வெங்காய மண்டி முதல் வாழைக்காய் மண்டி வரை சொல்லி வைத்திருந்தார். ‘பாரசூட் பிரிவில் வேலை’ என்றுதான் அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவான். நான்தான் வாசித்துக் காட்டுவேன். அத்தா காதில் அது ஏறவே ஏறாது. தன் பிள்ளை தன்னைப் போலத் துணியோடும் நூலோடும் மல்லுக்கட்டக் கூடாது என்பது அவருடைய ஆயுசு ஆசை.

காலை ஏழே முக்காலுக்கு மார்க்கெட்டில் பஸ் ஏறினோம். ஏழு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது நயா பைசா. அத்தா அவரே தைத்த கோட்டைப் போட்டிருந்தார்.

"எங்க பாய், காலங்காத்தால கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு?" என்று கண்டக்டர் கேட்டார்.

"எம் பையன் பிளேன் ஓட்டுறான். பார்க்கப் போறோம்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

எட்டரைக்கு வாசலில் சீட்டைப் பார்த்து உள்ளே விட்டார்கள். வரிசையாக எட்டுப் பயிற்சி விமானங்கள், தள்ளி இரண்டு ஜெட். அத்தனை பக்கத்தில் விமானத்தைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. நம்ம ஊர்ப் பொட்டலில் நம்ம ஆட்கள் ஓட்டுகிற விமானம்! கொட்டகைக்குள் விமானிகளின் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். காதுக்குள்ளேயே பேச்சுக் கேட்கும் ஹெல்மெட், உயரத்தில் மூச்சுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க், ஜெட் வேகமாகத் திரும்பும்போது ரத்தம் தலையை விட்டு இறங்காமல் வயிற்றையும் காலையும் இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு. மாஸ்க்கை மட்டும் தொட விடவில்லை. ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்குமாம். தலையில் எண்ணெய் வழிய வந்திருந்த எங்கள் ஊர்க் கூட்டத்தைப் பார்த்து அந்தச் சிப்பாய் இரண்டடி பின்னால் போனதை நான் பார்த்தேன்.

கடைசியில் ஒரு நீள மேஜை. அதன் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

"நீ ஏன்டா இங்க நிக்கிற? உன் பிளேன் எது?" என்றார் அத்தா.

"என் வேலை இந்த மேஜையிலதான் அத்தா. பாரசூட் மடிக்கிறேன்."

அத்தா முகம் விழுந்துவிட்டது. "துணி மடிக்கவாடா பட்டாளத்துல சேர்ந்தே? அதுக்கு நம்ம கடை போதாதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்தார். மடித்து மூடிய பாரசூட் பை ஒன்று இருந்தது. அதில் மெல்லிய சிவப்பு நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத் தையற்காரர், சட்டைப் பையில் எப்போதும் சின்னக் கத்தரி. நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவர் கை சும்மா இருக்குமா? நறுக்கென்று வெட்டிவிட்டார்.

"யா அல்லாஹ்! அத்தா, என்ன பண்ணிட்டீங்க!" என்று அலறினான் அண்ணன்.

அது பிசிறு இல்லை, முத்திரை நூல். மடித்த பிறகு வேறு கை படவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அது அறுந்தால் முழுப் பாரசூட்டையும் பிரித்து, சோதித்து, முதலிலிருந்து மடிக்க வேண்டும். பதினொரு மணிக்கு அதைக் கட்டிக்கொண்டு பறக்க வேண்டியவர் வரதன் என்ற பயிற்சி விமானி, ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய அம்மாவும் வந்திருந்தார். அதிகாரி ஓடிவந்து அண்ணனைப் பிடித்துக் கத்தினார், அவன் பெயரில் குறிப்பு எழுதப் போவதாக. தவறு அத்தாவுடையது, தலை அண்ணனுடையது. வேறு பாரசூட்டை எடுக்கச் சொன்னார் அதிகாரி.

பக்கத்திலேயே நின்ற வரதன் அதற்கு ஒப்பவில்லை. "இருக்கட்டும் சார். ஜமாலே மறுபடி மடிக்கட்டும். நான் காத்துண்டிருக்கேன்."

வரதனின் அம்மா, அந்த மாமி, அண்ணனிடம் வந்தார். "ஏன்டாப்பா, அவசரத்துல மடிச்சா சரியா இருக்குமோ?"

"அவசரப்பட மாட்டேன் மாமி. ஒரு மணி நேரம் ஆகும்னா ஒரு மணி நேரம்தான்" என்றான் அண்ணன்.

அண்ணன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஆரம்பித்தான். வெள்ளைத் துணி மேஜை முழுக்க ஓடியது. இருபத்தெட்டுப் பட்டைகள், ஒவ்வொன்றையும் புடவைக் கொசுவம் போல நீவி அடுக்கினான். பதினேழாவதில் ஒரு சின்னச் சுருக்கம். என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பிரித்து மறுபடி அடுக்கினான். அத்தா கத்தரியை என்னிடம் கொடுத்து, "இதை நீ வச்சுக்க" என்றார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இருபத்தெட்டாவதில், "மாஷா அல்லாஹ். இந்தக் கை எனக்கு இல்லம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அண்ணன் புது நூல் கட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டான். வரதன் அந்தக் கையெழுத்தை மட்டும் பார்த்தார், பாரசூட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். பன்னிரண்டே காலுக்கு ஏறியது விமானம், பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கியது. அந்த அரை மணி நேரமும் அத்தா வெயிலிலேயே நின்றார், உட்காரச் சொன்னதற்கு என் மேல் எரிந்து விழுந்தார். அதிகாரி குறிப்பு எழுதத்தான் செய்தார்: நூல் அறுந்தது, மறுபடி மடிக்கப்பட்டது. அவ்வளவுதான்.

மாமி எங்களைச் சும்மா அனுப்பவில்லை. "ஆத்துக்கு வந்துட்டுத்தான் போகணும்." மெயின்கார்டுகேட்டில் பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, நாலரைக்கு ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் உட்கார வைத்து அக்காரவடிசல் கொடுத்தார், நெய் முழங்கை வரை வழிந்தது. அத்தாவின் தொப்பியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து, "யாரு மாமி இவா?" என்று இழுத்தார்.

"எம் பிள்ளை எவனை நம்பி ஆகாசத்துல ஏறறானோ, அந்தப் பிள்ளையோட தோப்பனார்" என்றார் மாமி, தெருவுக்கே கேட்கும்படி.

அத்தா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

போகிறவர்களுக்கு என் அனுபவம்: அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள், காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீரும் குடையும் எடுத்துப் போங்கள், பொட்டல் வெயில் பொல்லாதது. தலைக்கு எண்ணெய் வேண்டாம். எதையும் கேட்காமல் தொடாதீர்கள், நூலாக இருந்தாலும். எல்லாரும் விமானத்தோடு போட்டோ எடுக்க முண்டியடிப்பார்கள். நீங்கள் பாரசூட் மேஜைக்குப் போய் மடிப்பவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

மறுநாள் காலை கடை திறந்ததுமே வெங்காய மண்டிக்காரர் வந்துவிட்டார். "என்ன பாய், பையன் பிளேன் ஓட்டினதைப் பார்த்தீங்களா?"

இரண்டு வருஷம் ஊரெல்லாம் சொன்ன பொய். அத்தா மெஷினை நிறுத்தினார்.

"எம் பையன் ஓட்டலைங்க. ஓட்டுறவங்க அவன் கையெழுத்தைப் பார்த்துட்டுத்தான் ஏறுறாங்க."