மஞ்சள் பட்ட பலகை

மலேசியாவில், சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, தரைப்பலகை செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. பலகையில் இருக்கிற ஓட்டையை மாவு வைத்து அடைப்பது, காய்ந்ததும் தேய்ப்பது, வெடித்ததை ஒதுக்கிப் போடுவது. எல்லாம் ரப்பர் மரம். பால் வற்றிப்போய், மறுநடவுக்காகத் தோட்டத்தில் வெட்டிச் சாய்க்கிற மரம். முன்பெல்லாம் அப்படிச் சாய்த்ததைக் கொளுத்திவிடுவார்கள். பீடோங் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் புகை அடங்கவே அடங்காது, துணி காயப்போட முடியாது. இப்போது அதே மரம் வெளிநாட்டுக்காரர் வீட்டுக்குத் தரையாகப் போகிறது. மரத்தூளைக்கூட விடுவதில்லை. அதை எரித்து, அந்தச் சூட்டில்தான் ஈரப்பலகையைக் காயவைக்கிறார்கள். முழத்துண்டு கிடைத்தாலும் முனையில் பல் வெட்டி, ஒன்றோடு ஒன்று கோத்து ஒட்டி, நீளப்பலகை ஆக்கிவிடுவார்கள்.

பலகை இரண்டு வகையாக வரும். எந்தத் தோட்டத்தில் வெட்டியது, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்களா, அதற்கெல்லாம் காகிதம் உள்ளது ஒரு வகை. காகிதம் இல்லாதது இன்னொரு வகை. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பால் வெட்டியவள் நான், எனக்கே வித்தியாசம் தெரியாது. அதனால் கட்டின் முனையில் சாயம் அடித்திருப்பார்கள். காகிதம் உள்ளதற்குப் பச்சை, இல்லாததற்கு மஞ்சள். பச்சை கொட்டகைக்கு இந்தப் பக்கம், மஞ்சள் அந்தப் பக்கம், நடுவில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டும் கலந்துவிட்டால் எது எதுவென்று யாராலும் பிரிக்க முடியாது. வருஷம் ஒருமுறை வெளியிலிருந்து ஆள் வந்து இதைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் வருகிற வாரம் எனக்குச் சோறு இறங்காது. என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

அந்த வருஷம் அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது. முதலாளி சீனர், ஆனால் பூசைக்குத் தடை சொல்ல மாட்டார். எதிர் மேசை அக்காதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். என்னைவிட மூத்தவர், வாய்க்காரி. என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை, கையைப் பிடித்து இங்கே வேலைக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். எனக்குச் சுரம் என்றாலும், சம்பளம் தப்பாக வந்தாலும், ஆபீசில் என் பேச்சையும் அவரே பேசிவிடுவார்.

வழக்கமாக மெசினுக்கு மட்டும்தான் மஞ்சளும் குங்குமமும் வைப்போம். அன்றைக்கு அக்கா பச்சைப் பக்கம் போய் நின்றார். பெரிய ஆர்டர் ஒன்றுக்காகக் கட்டு கட்டாக அடுக்கியிருந்தது.

"கடல் தாண்டிப் போற பலகைடி. மெசினுக்கு மட்டும் பொட்டு, இதுக்கு இல்லையா?"

மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு கட்டின் முனையிலும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினார். பச்சைச் சாயம் இருந்த இடத்துக்கு மேலேயே. பின்னால் குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் பெரிய மழை. கொட்டகையின் அந்த ஓரம் திறந்த ஓரம். சாரல் அடித்துக் குங்குமம் போய், மஞ்சள் மட்டும் முனை முழுக்க வழிந்து இறங்கியது. கட்டில் குத்தியிருந்த சீட்டுகளும் கரைந்துவிட்டன. அதைப் பார்த்துவிட்டுத்தான் வேன் ஏறினேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பாய்க்கு மட்டும் இருந்தது. பங்களாதேஷ்காரர். ஊரில் மனைவி, பிள்ளைகள். யாரிடமும் அதிகம் பேச மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். கூச்சக்காரரை இன்னொரு கூச்சக்காரிக்குத் தெரியும். நாங்கள் இருவரும் வருஷக் கணக்கில் தலையை ஆட்டிக்கொண்டவர்கள்.

திங்கட்கிழமை போய் இறங்கினால் ஒரே சத்தம். பச்சைக் கட்டெல்லாம் கோட்டைத் தாண்டி மஞ்சள் பக்கம் கிடந்தன. பாதிக் கட்டைப் பிரித்து மற்றதோடு சேர்த்து அடுக்கியாகிவிட்டது. மறுநாள் சோதனைக்கு ஆள் வருகிறார்கள்.

சூப்பர்வைசர் நம் ஆள்தான். அவர் பாயை ஒரு கட்டின் முன்னால் நிறுத்தி, "கண்ணு தெரியலையா பாய்? இது என்ன கலரு? ஹிஜாவ்! பச்சை!" என்று கத்தினார்.

"கூனிங், பாஸ். சனிக்கிழமை கூனிங்" என்றார் பாய். மஞ்சள், மஞ்சள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாரும் முனையைப் பார்த்தோம். பளிச்சென்று பச்சை.

"பாய்க்கு மஞ்சக்காமாலை லா, பாஸ்!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மஞ்சள் கறை வெயில் பட்டால் போய்விடும். துணி துவைக்கிற எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். ஞாயிறு முழுக்க நல்ல வெயில், மஞ்சள் பக்கமும் திறந்த ஓரம்தான். அக்காவைப் பார்த்தேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார், மாட்டி முடிகிற மாதிரி தெரியவில்லை.

"சாவியைக் குடு. நாளைக்கு முதலாளி வந்து முடிவு பண்ணட்டும்" என்றார் சூப்பர்வைசர். வேலை போனால் பாய்க்குப் பெர்மிட் போச்சு. பெர்மிட் போனால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். பாய் சாவியைக் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கோட்டுப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

பசியாறப் போனபோது அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, அது நாம வச்ச..."

"எது?"

"மஞ்சள்."

"தேத்தண்ணியக் குடி, ஆறிடும்."

நான் குடிக்கவில்லை. அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எனக்குத் தெரியாதாடி? சொன்னா என்ன ஆகும்? இனிமே பூசையே வேணாம்பாங்க. நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்வாங்க. இந்த வயசுக்கு வெளியே எவன் வேலை வச்சிருக்கான் நமக்கு? அவன் எளவட்டம், எங்க போனாலும் பொழைச்சுக்குவான்."

"பெர்மிட்டு..."

"நீ பேசாம இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

அன்றைக்கு எத்தனை பலகையில் மாவைத் தப்பாக வைத்தேனோ. வாளியில் உட்கார்ந்திருந்தவரின் முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பருப்பு வேகவைத்தேன். அதில் மஞ்சள் போடக் கை வரவில்லை. சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வதென்று அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் அந்த மனுசன் கதி? நானும்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். என் வேலையும் போனால் வீட்டு வாடகைக்கு யார் கையைப் பார்ப்பது? பிள்ளையிடம் போய் நிற்க எனக்குப் பழக்கம் இல்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் கோட்டுப் பக்கம் நின்றிருந்தார். பாயையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். நான் என் மேசைக்குப் போகவில்லை. சாமி படத்துக்குக் கீழே பூசைக் கிண்ணம் அப்படியே இருந்தது. காய்ந்துபோன மஞ்சளில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கழிவுத் துண்டில் பச்சை முனை உள்ளதாக ஒன்று எடுத்துக்கொண்டேன்.

"என்னம்மா, காலையிலேயே பூசையா?" என்றார் சூப்பர்வைசர்.

துண்டை அவருக்கு முன்னால் நிறுத்தி, பச்சை மேல் மஞ்சளை அப்பினேன். போத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். முனை முழுக்க மஞ்சள் இறங்கியது.

"இனி லா!" என்று மலாயில் கத்தித் துள்ளிவிட்டார் பாய். "இதுதான், பாஸ்! இதுதான் கூனிங்!"

சூப்பர்வைசர் துண்டைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். "யாரு வச்சது?"

நான் தரையைப் பார்த்தேன். தப்பித் தவறியும் கண் அக்கா பக்கம் போய்விடக் கூடாதே என்று வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவளைக் கேட்டா சாயந்திரம் வரைக்கும் இப்படியே நிப்பா" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான்தான் வச்சேன். மெசினுக்கு வச்சோம், மரத்துக்கும் வச்சேன். ஞாயித்துக்கிழமை வெயில்ல வெளுத்துப் போச்சு. என்னைக் கேளுங்க."

சோதனைக்கு வந்தவர் முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண். சூப்பர்வைசர் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்தப் பெண் என் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். "குன்யிட்" என்றார். சமையல் மஞ்சளென்று மூக்கே சொல்லிவிட்டது. சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நல்ல மரம்தான், ஆனால் கலந்துவிட்டது, சீட்டும் இல்லை, இனி இதைப் பச்சை என்று விற்கக் கூடாது, கட்டுப் பிரிக்காததும் சேர்த்து எல்லாம் மஞ்சள் பக்கம் என்றார். பாயிடம் சாவி திரும்பி வந்தது. அந்த ஆர்டருக்கு வேறு பலகை தேட வேண்டியதாயிற்று. எங்களைப் பற்றி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்தது.

மத்தியானம் சூப்பர்வைசர் மஞ்சள் சாய டப்பாவையும் இரண்டு பிரஷையும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். "நீங்க வச்சதுதானே, நீங்களே அடிங்க. இது வெயில்ல போகாது."

அக்காவும் நானும் கட்டுக் கட்டாக அடித்தோம். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி முடிந்தபோது கேட்டார்.

"பேசாம இருன்னு சொன்னேன்ல?"

"நான் பேசலையே, அக்கா."

அக்கா பிரஷை டப்பாவில் முக்கி, தேவைக்கு மேலேயே தோய்த்து எடுத்தார்.

பாய் ஃபோர்க்லிஃப்ட்டைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி வந்தார். நான் அடித்து முடித்த முனையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், விரலைத் திருப்பிப் பார்த்தார். காயவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வண்டியில் ஏறி, காயட்டும் என்று காத்திருந்தார்.