ஆளுக்கொரு வாழை

காற்று கொஞ்சம் பலமாக அடித்து, பால்கனியில் இலை படபடக்கும் சத்தம் கேட்டால், ஐம்பத்திரண்டு வயதான நான் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய், அங்கே தொட்டியில் நிற்கும் ஒற்றை வாழைக்குத் துடைப்பக்கட்டையால் 'முட்டு' கொடுத்துவிட்டு வருகிறேன். அந்த வாழை பிளாஸ்டிக். என் மனைவி பொருட்காட்சியில் வாங்கி வந்தது. இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் வெறும் பைத்தியம் என்பார்கள். சொன்னால், பரம்பரைப் பைத்தியம் என்று கொஞ்சம் மரியாதையாவது கிடைக்கும்.

சின்ன வயதில் நாங்கள் அரியமங்கலத்தில் குடியிருந்தோம். அப்பா அங்கே ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். வீட்டின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தது. லேத் மெஷின்களின் இரைச்சலும் சுட்ட இரும்பின் வாசனையும் நாள் முழுக்க அதன் வழியாக வரும், காற்று மட்டும் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைப் பூங்காவில் புளியோதரை சாப்பிட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்த அப்பா, "இப்படியே இருந்துட்டா என்ன?" என்றார். முக்கொம்புக்குப் போகிற எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு, டிபன் கேரியரை அலம்பிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்புவதுதான் வழக்கம். அப்பாவுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை.

வேலையை விட்டார், வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார், முசிறிக்குப் பக்கத்தில் காவிரியோரமாக ஒரு கொல்லையும் அதற்குள் ஒரு கிணறும் ஓர் ஓட்டு வீடும் வாங்கினார். ஸ்ரீரங்கத்தில் மாலை கட்டி விற்றுக்கொண்டிருந்த என் பெரிய மாமா வந்து, "மாப்ள, வெயில்ல நிக்கிறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று கேட்டார். "ஒரு போகம் எடுத்துட்டா போதும் மச்சான், அப்புறம் நீங்களே கடையப் பூட்டிட்டு வந்துடுவீங்க" என்றார் அப்பா. அந்த ஒரு போகத்துக்கு அப்பால் எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். இருந்தும் சிரித்தாள்.

பூவன் வாழை போட்டோம். அப்பா நூல் பிடித்துக் கன்று நட்டார். காலையில் ஷிப்டு பார்ப்பதுபோல வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார். மரங்களும் ஒழுங்காகவே நின்றன, தார் தள்ளின. சித்திரையில்தான் ஓடு கொதித்தது. வீட்டுக்கு மேற்கே, கொல்லையின் எல்லை நெடுக, அகத்தியும் கிளுவையும் மரவேலியாக நெருங்கி நின்று அடைத்துக்கொண்டிருந்தன. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "ஏங்க, காத்துக்குன்னுதானே இவ்ளோ தூரம் வந்தோம்? இங்கயும் செவுத்தயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? அத வெட்டி விட்டா என்னங்க?" என்றாள். அவள் அப்பாவிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா குஷியாகி, அன்றைக்கே ரம்பத்தை எடுத்துவிட்டார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் சின்னத்துரை வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வெறகு உங்களுக்கு வேணுமாங்க?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றதும் வண்டி கட்டி ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் காற்று வந்தது. காலண்டர் சுவரில் அடித்துக்கொண்டது. அம்மா கூடத்தில் பாயைப் போட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு படுத்து, "அப்பாடா" என்றாள். பிற்பாடு நான் சந்தோஷத்தைப் பற்றித் தடித்தடியாகப் பல புத்தகங்கள் படித்தேன். எதுவும் அந்த 'அப்பாடா'வைத் தாண்டவில்லை.

ஆடி வந்தது. அங்கே ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். அகத்தி வரிசை எதற்காக அந்தப் பக்கம் நின்றது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. முற்றிக்கொண்டிருந்த தார்களின் பாரத்தோடு, மூங்கில் முட்டுகளையும் இழுத்துக்கொண்டு, மரங்கள் 'மளுக் மளுக்'கென்று இடுப்பில் முறிந்தன. அப்பா ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "புடிங்க, ஆளுக்கொண்ணு புடிங்க!" என்று கத்தினார். அம்மா ஒன்றைக் கட்டிக்கொண்டாள், நான் ஒன்றை. கொல்லை முழுக்கச் சாய்ந்துகொண்டிருக்க, கண்ணில் மண் விழ, மூன்று பேரும் ஆளுக்கொரு வாழையைத் தழுவிக்கொண்டு நின்றோம். வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அப்பாவின் மரம் அவர் கைக்குள்ளேயே முறிந்தது. அதற்குப் பிறகும் அவர் அதை விடவில்லை.

காற்று ஓய்ந்ததும் சின்னத்துரை வந்தார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அப்பா.

"மெஷினெல்லாம் ஓட்டுனவங்க, இதுக்கும் ஏதாச்சும் கணக்கு வச்சிருப்பீங்கன்னு நெனச்சுப்புட்டேங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

கொல்லையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அரியமங்கலத்துக்கே திரும்பினோம். அதே தெரு, இன்னும் சின்ன வீடு. அப்பா அதே பட்டறையில், தான் தொழில் கற்றுக்கொடுத்தவனுக்குக் கீழே சேர்ந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அம்மா அதன் பிறகு அப்பாவிடம் எதையுமே கேட்கவில்லை. சர்க்கரை தீர்ந்துபோனால், "சர்க்கரை இல்ல" என்று அடுப்பைப் பார்த்துச் செய்தி சொல்வாள், வாங்கி வரச் சொல்ல மாட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி அப்பா, "ஒனக்கு என்ன வேணும், சொல்லேன்" என்று ஏறக்குறைய கெஞ்சுவார். "ஒண்ணும் வேணாங்க." பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடமும் அவர் குனிந்து அதையே கேட்டார். அதே பதில்தான் கிடைத்தது. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் முசிறிப் பக்கம் போக வேண்டியிருந்தது. கொல்லையைத் தேடினேன். ஓட்டு வீடு இல்லை, கிணறு இல்லை, பேருக்கு ஒரு வாழைகூட இல்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டு, மனை போட்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் சின்னத்துரை உட்கார்ந்திருந்தார், தொண்டு கிழமாக. உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது என்று நான் இத்தனை வருஷமாக நம்பியிருந்த கதையை, அரியமங்கலம், அகத்தி, ஆடிக்காற்று என்று ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி, டவுன்லேருந்து வந்து, மரத்த வெட்டிப்புட்டு, வாழையக் காத்துக்குக் குடுத்துட்டுப் போனவங்க நெறைய பேருங்க. அதுல நீங்க யாரு வீட்டுப் புள்ள?"